சொற்களை ஒப்பிட்டு மொழி உறவைக் கண்டுபிடிப்பது எப்படி? தமிழ், கன்னடம், தெலுங்கு வைத்து முழுமையான வழிகாட்டி

கொரிய மொழியிலும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆகவே கொரியன் தமிழிலிருந்து வந்தது என்று ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றி வரும். பார்த்தவுடன் பெருமையாக இருக்கும், பகிரவும் தோன்றும். ஆனால் இப்படி ஒத்த சொற்களை அடுக்கி எந்த இரண்டு மொழிக்கும் உறவு நிறுவ முடியாது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் தருவது என்னவென்றால், தமிழுக்கு ஐயமில்லாமல் நிறுவப்பட்ட உறவுகள் இருக்கின்றன. மத்திய இந்தியக் காடுகளில் பேசப்படும் கோண்டி, சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் குடுக், பலுசிஸ்தானத்துப் பிராகுயி. இவற்றைப் பற்றி ஒரு பட்டியலும் நம் கைக்கு வருவதில்லை.

எனவே அந்த உறவுகளை எப்படி நிறுவினார்கள், நீங்களே வீட்டில் ஒரு நோட்டும் சில அகராதிகளும் வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்து பார்க்கலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். முறை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது: ஒரே மாதிரி இருக்கும் சொற்களைத் தேடாதீர்கள், ஒரே ஒழுங்கில் வேறுபடும் சொற்களைத் தேடுங்கள்.

புதிய முறையும் இல்லை இது. தென்னிந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று பெரிய அறிஞர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1816இல் காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை தனிக் குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது வருடம் கழித்து, 1856இல்.

முதல் படி: சொற்களைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டியலை முடிவு செய்யுங்கள்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டு அகராதிகளைப் புரட்டி, எது ஒத்திருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு, ஒத்துப்போகாத ஆயிரக்கணக்கான சொற்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படித் தேடினால் உலகத்தில் எந்த இரண்டு மொழிக்கும் ஐம்பது சொல் கிடைத்துவிடும்.

ஆகவே முதலில் பொருள்களின் பட்டியல் கையில் இருக்க வேண்டும், அதன் பிறகே அகராதியைத் தொட வேண்டும். மோரிஸ் ஸ்வாதேஷ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1950களில் தொகுத்த 100 சொல் பட்டியல் போதும். கண், காது, பல், நாக்கு, நீர், நெருப்பு, கல், நான், நீ, ஒன்று, இரண்டு, வா, சா என்று எல்லா மனிதருக்கும் தேவைப்படுகிற, வெளியாரிடம் கடன் வாங்க அவசியம் குறைவான பொருள்கள் அதில் இருக்கும். 2009இல் வந்த லைப்சிக்-ஜகார்த்தா பட்டியலும் நல்லது. 41 மொழிகளை ஆராய்ந்து எந்தப் பொருள்களுக்குக் கடன்சொல் வருவது குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த 100 அது. பண்பாட்டுச் சொற்கள், உணவு, உடை, கடவுள், அரசு, இவையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாவது படி: தரவு சேர்த்தல்

நோட்டில் அட்டவணை போடுங்கள்: ஒரு வரிசைக்கு ஒரு பொருள், மேலிருந்து கீழாக ஒரு பத்திக்கு ஒரு மொழி. இரண்டு மொழி மட்டும் எடுக்காமல் மூன்றாவது ஒன்றும் கட்டாயம் சேருங்கள், ஏனென்று ஐந்தாவது படியில் புரியும். இங்கே நான் எடுத்துக்கொள்வது தமிழ், கன்னடம், தெலுங்கு.

சில எச்சரிக்கைகள். எழுத்தை நம்பாமல் ஒலியை எழுதுங்கள். நம் தமிழ் எழுத்தில் 'பல்' என்பதன் ப-வும் 'பாம்பு' என்பதில் இரண்டாவதாக வரும் பு-வும் ஒரே எழுத்து, ஒலி இரண்டு. கன்னடத்தில் 'வா' என்பதற்குச் சொல்லும் 'பா' அந்த இரண்டாவது வகை, குரல் அதிரும் ப. இதைப் பிரித்துக் குறிக்காவிட்டால் பின்னால் எல்லாம் குழம்பும். ஏதாவது ஒரு குறி, கீழே ஒரு கோடு போட்டாலும் போதும்.

அப்புறம், இன்றைய பேச்சு வடிவத்தோடு பழைய வடிவத்தையும் எழுதுங்கள். தமிழர்களுக்கு இதில் பெரிய வசதி, நமக்கு இரண்டாயிரம் வருட எழுத்து இருக்கிறது. காது என்று மட்டும் எழுதினால் கன்னடத்துக் 'கிவி'யோடு பொருந்தாது, செவி என்று எழுதினால் கதவு திறக்கும். நான் என்பதன் பக்கத்தில் யான் என்று எழுதுங்கள், குடுக்கில் 'ஏன்' என்றும் பிராகுயியில் 'ஈ' என்றும் இருப்பது அப்போதுதான் தொலைவாகத் தெரியாது. பொருள் நகர்ந்த சொற்களையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்: தமிழில் நிலா வானத்தில் இருப்பது, தெலுங்கில் 'நெல' என்றால் மாதமும்தான். தமிழில் திங்கள் நிலாவும் மாதமும் கிழமையும், கன்னடத்தில் 'திங்களு' மாதம். ஆனால் எண்ணும்போது இவற்றைச் சேர்க்காதீர்கள். பொருளை இழுத்து இழுத்துப் பொருத்த ஆரம்பித்தால் அதற்கு எல்லை கிடையாது.

கடைசியில் ஒட்டியிருக்கும் உறுப்புகளைப் பிரித்துவிடுங்கள். கன்னட ஹாலு, தெலுங்குப் பாலு, இரண்டிலும் இறுதி உகரம் உச்சரிப்புக்காக வந்தது.

மூன்றாவது படி: குழந்தைச் சொற்களையும் ஒலிக்குறிப்புச் சொற்களையும் அடித்துவிடுங்கள்

அம்மா, அப்பா, பாப்பா, மாமா போன்றவை எந்த உறவையும் காட்டாது. குழந்தை முதலில் எழுப்பக்கூடிய ஒலிகள் ம, ப, த போன்றவைதான், அதைப் பெற்றோர் தங்களைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்வது உலகம் முழுவதும் நடக்கிறது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. காக்கா, குயில் போன்று பறவையின் குரலிலிருந்து வந்தவையும் போகட்டும். இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

நான்காவது படி: கடன்சொற்களைப் பிரித்தல்

தமிழில் ஜன்னல், மேசை, அலமாரி. சிங்களத்தில் ஜனேலய, மேசய, அல்மாரிய. அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன, இரண்டும் போர்த்துகீசியரிடமிருந்து வாங்கியவை. சிங்களத்தில் அக்கா போன்ற தமிழ்ச் சொற்களும் நிறைய. அதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட முடியுமா? பல்லுக்குச் சிங்களத்தில் 'தத', பெயருக்கு 'நம', இரண்டுக்கு 'தெக', ஐந்துக்குப் 'பஹ'. அடிப்படைப் பட்டியலைப் போட்டவுடன் அது இந்தி, வங்காளி பக்கத்து உறவு என்று தெரிந்துவிடும்.

அடிப்படைச் சொற்களும் கடனாக வரும், அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆர்மீனிய மொழியில் ஈரானியச் சொற்கள் குவிந்து கிடந்ததால் அதையும் ஈரானிய மொழி என்றே நினைத்தார்கள். 1875இல் ஹூப்ஷ்மன் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் அந்தச் சொற்களை ஒலி வாரியாகப் பிரித்தார், கடன் வந்த அடுக்கைத் தனியே எடுத்து வைத்தபோது அடியில் முற்றிலும் வேறான ஒரு கிளை இருந்தது. பிராகுயியின் கதையும் இதற்கு நெருக்கமானது. அதன் சொற்களில் திராவிடச் சொற்கள் சுமார் 15 விழுக்காடுதான் என்று சொல்வார்கள், மீதி பலூச்சி, பாரசீகம், அரபு. எண்ணுப்பெயர்களில் 'இரட்', 'முசிட்' (இரண்டு, மூன்று) வரை தன்னுடையது, நான்கிலிருந்து வாங்கியது. ஆனாலும் அதைத் திராவிட மொழி என்று சொல்வதில் யாருக்கும் ஐயமில்லை. கண் அங்கே 'ஃகன்' (ஃக என்று நான் எழுதுவது உரசி வரும் க), கல் 'ஃகல்', வாய் 'பா', நீ 'நீ'தான். எஞ்சியிருக்கும் கொஞ்சமும் எந்த இடத்தில் எஞ்சியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

கடன்சொல்லை அடையாளம் காண உறுதியான வழி ஒலி விதிதான், அதனால் நீங்கள் இந்தப் படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் மாறி மாறிப் போய் வர வேண்டியிருக்கும்.

ஐந்தாவது படி: ஒலிப் பொருத்தம்

இங்கேதான் முழு வேலையும். மற்றதெல்லாம் இதற்கு முன்னேற்பாடு.

தமிழ், கன்னடம், தெலுங்கு என்ற வரிசையில் இதைப் பாருங்கள்:

பால், ஹாலு, பாலு
பல், ஹல்லு, பல்லு
புலி, ஹுலி, புலி
பாம்பு, ஹாவு, பாமு
பத்து, ஹத்து, பதி
பெயர், ஹெசரு, பேரு
பழம், ஹண்ணு, பண்டு

ஒலியில் ப-வும் ஹ-வும் ஒத்த ஒலிகளே அல்ல. ஆனால் தமிழில் சொல்லின் முதலில் ப வந்தால் கன்னடத்தில் ஹ வருகிறது, பல்லிலும் பாம்பிலும் புலியிலும், தற்செயலாக நடக்க முடியாத அளவுக்கு. பழைய கன்னட நூல்களை எடுத்துப் பார்த்தால், 9ஆம் நூற்றாண்டின் கவிராஜமார்க்கம் போன்றவற்றில், இவையெல்லாம் ப-விலேயே தொடங்குகின்றன. 10ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி அடுத்த சில நூற்றாண்டுகளில் ப அங்கே ஹ ஆகியிருக்கிறது. அப்படியானால் இன்றைய கன்னடத்தில் 'புஸ்தக', 'பத்ர', 'பூஜெ' என்று ப-வோடு நிற்பவை? சமஸ்கிருதத்திலிருந்து வந்து அந்த வடிவத்திலேயே காக்கப்பட்டவை. நான்காவது படியில் சொன்ன கடன்சொல் சோதனை இப்படித்தான் தானாக நடக்கிறது.

இதே மாதிரி தமிழ் வ-வுக்கும் கன்னடத்தின் குரல் அதிரும் ப-வுக்கும் ஒரு வரிசை: வாய்–பாயி, வேர்–பேரு, வில்–பில்லு, வா–பா. முதல் வரிசையையும் இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டு 'ப'க்களையும் பிரித்து எழுதச் சொன்னதன் அவசியம் தெரியும்.

ழ-வுக்குப் போகலாம். ஏழு, ஏளு, ஏடு. கோழி, கோளி, கோடி. தமிழ் ழ, கன்னட ள, தெலுங்கு ட (இதுவும் குரல் அதிர்வது). தெலுங்கில் கோடி என்றால் கோழி என்பது நமக்குச் சிரிப்பாக இருக்கலாம், விதி அங்கே நேராக வேலை செய்திருக்கிறது.

தெலுங்கில் இன்னொரு அழகான மாற்றம், முதல் உயிர் இடம் பெயர்ந்து சொல்லின் முகமே மாறிவிடும்: அவர்–வாரு, அவன்–வாடு, இவன்–வீடு, உரல்–ரோலு. 'ரோலு'வையும் 'உரல்'லையும் யாரும் பார்வையால் சேர்த்திருக்க மாட்டார்கள். விதி சேர்த்துவிடுகிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செவி, கிவி, செவி. சேரி, கேரி. செம்மையின் செம், கன்னடத்தில் 'கெம்பு'. இகரம், எகரத்துக்கு முன்னால் தமிழில் ச, கன்னடத்தில் க. எது பழையது? மூன்றாவது மொழி எதற்கு என்று பிறகு புரியும் என்றேன் அல்லவா, இதற்குத்தான். கோண்டியில் 'கெவி', குடுக்கில் 'ஃகெப்தா', பிராகுயியில் 'ஃகஃப்'. ஒன்றையொன்று பார்த்திராத தொலைவு மொழிகள் எல்லாம் க-வின் பக்கம் நிற்கின்றன. ஆக மூலத்தில் இருந்தது க, தமிழும் தெலுங்கும் ச ஆக்கிக்கொண்டன.

சரி, அப்படியானால் தமிழும் தெலுங்கும் கன்னடத்தை விட நெருங்கியவை என்று சொல்லலாமா? அவசரப்படக் கூடாது. கெடு என்ற சொல்லைப் பாருங்கள், தமிழில் கெடு, கன்னடத்தில் கெடு, தெலுங்கில் 'செடு'. கிளி தமிழில் கிளிதான், தெலுங்கில் 'சிலுக'. தமிழில் அடுத்து ட, ள போன்ற நாவளை ஒலி வந்தால் க மாறாமல் நிற்கிறது, தெலுங்கு அந்த நிபந்தனை எதுவும் பார்க்கவில்லை. அதாவது இரண்டு மொழிகளும் தனித்தனியாக, வெவ்வேறு விதிப்படி மாறியிருக்கின்றன. விதிவிலக்கு என்று நாம் ஒதுக்கிவிட இருந்த சொற்கள்தான் இதைச் சொல்லித் தந்தன. அதனால் பட்டியலில் பொருந்தாத சொல் வந்தால் அழிக்காதீர்கள், தனித்தாளில் சேர்த்து வைத்து, அவற்றுக்குள் ஏதாவது பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விதியை விதி என்று ஏற்க எத்தனை எடுத்துக்காட்டு வேண்டும்? ஐந்தாறாவது வேண்டும் என்பேன், அதுவும் அடிப்படைச் சொற்களில். ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு விதி உருவாக்கினால் அது விதியே அல்ல.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கில 'ஒன்', தமிழ் 'ஒன்று' ஜோடியைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்ஸ்', லத்தீனில் 'ஊனுஸ்'. பின்னோக்கிப் போகப் போகத் தமிழிலிருந்து விலகுகிறது. 'எய்ட்', எட்டு? ஜெர்மனில் 'அஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. தமிழிலோ எண்பது, எண்ணூறு என்று ண் வெளியே வருகிறது, கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. வேர் எண். நம் எட்டு அந்த ண் கரைந்து வந்தது. உறவுள்ள சொற்கள் பழைய வடிவத்தில் நெருங்கும், தற்செயலாக ஒத்தவை விலகும். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் எம்பாபரம் என்ற மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர் இருந்தது. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, பக்கத்து யிடின் மொழியில் இன்னும் 'குடாக' என்று இருக்கும் சொல் தேய்ந்து தேய்ந்து அங்கே வந்து நின்றிருக்கிறது.

ஆறாவது படி: எண்ணுதல், தற்செயலைக் கழித்தல்

விதிப்படி பொருந்தும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மதிப்பெண். நூற்றுக்கு எத்தனை என்று வந்துவிடும். ஆனால் தற்செயலாக எத்தனை வரும் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு மொழியில் பத்து மெய்கள் சமமாக முதலில் வருவதாக வைத்துக்கொண்டால், முதல் மெய் மட்டும் ஒத்தால் போதும் என்று நீங்கள் எண்ணும்போது, உறவே இல்லாத இரண்டு மொழிகளுக்கும் நூற்றில் பத்து சும்மாவே கிடைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து அருகுப் பொருள்களை அனுமதித்தால் இன்னும் பல மடங்கு.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டாவது மொழியின் பத்தியை ஒரு வரிசை கீழே நகர்த்துங்கள். இப்போது முதல் மொழியின் 'கண்' பக்கத்தில் இரண்டாவதன் 'காது' போன்ற ஏதோ ஒன்று நிற்கும், பொருளுக்குப் பொருள் சம்பந்தமில்லை. அதே அளவுகோலால் மறுபடி எண்ணுங்கள். இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று நகர்த்தி நகர்த்தி எண்ணினால் தற்செயலின் அளவு கிடைக்கும். நகர்த்தாத பட்டியலின் எண் இவை எல்லாவற்றையும் விட வெகுவாக உயர்ந்து நிற்க வேண்டும். தமிழையும் கன்னடத்தையும் இப்படிச் சோதித்தால் வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். தமிழையும் கொரிய மொழியையும் செய்து பாருங்கள், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழாவது படி: யார் யாருக்கு நெருக்கம்

விழுக்காட்டை மட்டும் வைத்துக் கிளை பிரிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் இருக்கும் மொழிகள் கொடுத்து வாங்கி எண்ணிக்கையை ஏற்றிவிடும். பழையதை இருவரும் அப்படியே வைத்திருப்பதும் சாட்சி ஆகாது: பால் தமிழிலும் தெலுங்கிலும் ப-வோடு இருக்கிறது என்பதற்காக அவை கன்னடத்தை ஒதுக்கிவிட்டு ஒன்று சேராது. இருவரும் சேர்ந்து செய்த புது மாற்றம்தான் கணக்கு. தமிழில் அவள், கன்னடத்தில் 'அவளு'. பெண்ணுக்கென்று இந்த -அள் விகுதி தெலுங்கில் இல்லை, அங்கே பழையபடி 'அதி' பெண்ணுக்கும் பொருளுக்கும் பொது. இப்படிப்பட்ட சான்றுகளைச் சேர்த்துத்தான் தெலுங்கைக் கோண்டி, குயி, குவி மொழிகளோடு தென்-நடுத் திராவிடம் என்று வைக்கிறார்கள். கன்னடம் நம் பக்கம்.

காலக் கணிப்பு

இதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆயிரம் ஆண்டில் 100 அடிப்படைச் சொற்களில் 86 நிலைக்கும் என்று ஸ்வாதேஷ் வைத்துக்கொண்டார். அப்படியானால் பிரிந்து ஆயிரம் ஆண்டான இரண்டு மொழிகளுக்குப் பொதுவாக இருப்பது சுமார் 74. ஆனால் மொழிகள் ஒரே வேகத்தில் மாறுவதில்லை, ஐஸ்லாந்து மொழி நார்வே மொழியை விட எவ்வளவு மெதுவாக மாறியது என்று 1962இலேயே காட்டிவிட்டார்கள். இப்போது கணினியில் வேக வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்துச் செய்கிறார்கள். 2018இல் 20 திராவிட மொழிகளை வைத்துச் செய்த ஆய்வு, குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டு என்றது. நோட்டில் போட்ட கணக்கை வைத்து நீங்கள் ஆண்டு சொல்ல வேண்டாம்.

எதை வைத்துத் தொடங்குவது

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) 5,500க்கும் மேற்பட்ட பதிவுகளோடு சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. ஆனால் அதை முதலிலேயே திறக்காதீர்கள், நீங்கள் பொருத்தி முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் திறந்தால்தான் கை பழகும். முதலில் தமிழ்–கன்னடம் 100 சொல் முடியுங்கள், அப்புறம் தெலுங்கு, அப்புறம் கோண்டி.

கோண்டிக்கு வரும்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறு என்ற எண்ணுக்கு அங்கே 'சாருங்', உப்புக்குச் 'சோவர்', ஈ (கொடு) என்பதற்குச் 'சீ'. சொல்லின் முதலில் நின்ற ச தமிழில் விழுந்திருக்கிறது என்று தோன்றும், அது சரியும்கூட. ஆனால் சா என்ற வினை கோண்டியிலும் 'சா', தமிழிலும் சா. அதில் மட்டும் ஏன் விழவில்லை என்று தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ச-வில் தொடங்கும் கோண்டிச் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழோடு பொருத்திப் பாருங்கள்.